வாசல் மேஜையும் மூலை நாற்காலியும்

ஜூலை 8

கண்ணு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "அப்பாகிட்ட குடுக்குறேன்" என்பதோடு சரி. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம்தான். ஆனால் உன் குணம் எனக்குத் தெரியும், ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

நான் கிளம்பிய அன்று நீ குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாய். அந்தத் தண்ணீர்ச் சத்தத்திடம்தான் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சரி, பொய் எதற்கு, வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த விடுதி முழுக்க ஹானர்ஸ் பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டும். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள், நடுவில் எல்லோருக்கும் ஒரு பொது அறை. எனக்கு மூன்றாவது மாடியில் தனி அறை. கட்டில், மேஜை, கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்று பார்த்து விண்ணப்பித்தபோது, என்னைப் போல இன்னும் நாலு பேராவது இருப்பார்கள் என்று நினைத்தேன். நாற்பத்து நான்கு வயதில் நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் உன்னைவிடச் சின்னவர்கள்.

ஆனாலும் பயந்த மாதிரி இல்லை. கீழே நுழைவாசலுக்குள் ஒரு மேஜையும் நாற்காலியும் சும்மா கிடக்கின்றன. பல் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தே புத்தகம் படித்துப் பழகியவளுக்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் ஏறுவதில்லை. அதனால் வகுப்பு முடிந்ததும் அந்த மேஜைக்கு வந்துவிடுகிறேன். பிள்ளைகள் என்ன ஒட்டுதலாக இருக்கிறார்கள் தெரியுமா. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பேசுகிறார்கள். "சாவி தொலைஞ்சிடுச்சு" என்கிறாள் ஒருத்தி. "ரெண்டாவது மாடியில தண்ணி வரல" என்கிறான் ஒருவன். நானும் விசாரித்து, குழாய்க்காரரைப் பிடித்து, சரி பண்ணிக் கொடுத்துவிட்டேன். வந்த கையோடு இவ்வளவு பேர் பழகுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

தம்பி பரீட்சைக்குப் படிக்கிறானா? நீ சாப்பிடுகிறாயா?

அம்மா


ஜூலை 16

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் குப்பைக்கூடை நிறைந்திருந்தது.

உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டாக்டர் வேறு ஆள் தேடவே இல்லை. "உங்கம்மா இடம், நீயே பாத்துக்கம்மா" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். நாலு தடவை படம் போட்டு அனுப்பி, நேரில் போய், எனக்குக் கிடைத்தது அந்த அச்சகத்து வேலை. அட்டைப்படம் வரைகிற வேலை. அவர்களிடம் ஜனவரியில் சேர்கிறேன் என்று கெஞ்சித் தள்ளிப்போட்டிருக்கிறேன். அப்பாவுக்கு இரவு ஷிப்ட். தம்பிக்குப் பொதுத்தேர்வு. நானும் ஊரைவிட்டுப் போனால் வீட்டுக்கு யார்? "ஒரு டெர்ம் பாக்கறேன், சரிப்படலன்னா டிசம்பர்ல வந்துடறேன்" என்று நீ அப்பாவிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். குழாய் திறந்திருந்தாலும் காது திறந்துதான் இருந்தது.

உன் ஆஸ்பத்திரி அப்படியே இருக்கிறது. மீன் தொட்டி ஒரு பக்கம், பிளக் எங்கோ எதிர்ப் பக்கம். அந்த ஒயர் சுவரோரமாக அறையைச் சுற்றி வருகிறது. தினமும் ஒரு தடவையாவது என் காலைத் தடுக்கிவிடுகிறது. எந்தப் புத்திசாலி வைத்தானோ.

அப்புறம், உன் விடுதிப் பிள்ளைகள் பற்றி. சாவி தொலைந்தது, தண்ணீர் வரவில்லை என்றா வந்து பழகுவார்கள்? அம்மா, அவர்கள் உன்னை விடுதி ஆபீஸ் ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேஜையைக் கண்டால் போய் உட்கார்ந்துவிடுவதா? இரண்டு வாரமாக அங்கே நீ சம்பளமில்லாமல் ரிசப்ஷன் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

சாப்பிடுகிறேன். அப்பாதான் சமைக்கிறார். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை போட்டுவிடுகிறார்.


ஜூலை 28

கண்ணு,

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நீ சொன்னதுதான் நடந்தது. உன் கடிதம் வந்து சேர்வதற்குள்ளேயே என் மூக்கு உடைந்துவிட்டது.

இங்கே வியாழக்கிழமை மாலையில் 'வட்டம்' என்று ஒன்று உண்டு. ஹானர்ஸ் பிள்ளைகள் பொது அறையில் தரையில் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் தான் எழுதிய கட்டுரையைப் படிப்பார். மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். காகிதத்தை இல்லை, எழுதியதை. எது பொய், எது சும்மா அலங்காரம், எதற்கு ஆதாரம் இல்லை என்று பிய்த்துப் போட்டுவிடுவார்கள். எழுதியவர் முகம் சிவந்து உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் எல்லோரும் அவர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார்கள். பேராசிரியர் ஓரமாக உட்கார்ந்து கேட்பதோடு சரி. இந்த விடுதியில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

முதல் வட்டத்துக்கு நான் உள்ளே நுழைந்தேன். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பையன், "மேடம், ரூம் காலி பண்ணணுமா?" என்றான். நான் "இல்லப்பா, நானும் ஸ்டூடண்ட்தான்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தேன். என் முட்டி போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் 'மேடம்' போய் 'ஆன்ட்டி' ஆகிவிட்டேன்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். காலையில் விழிப்பு வந்துவிடுகிறது, மாடிச் சமையலறையில் எனக்கு டீ போடும்போது பக்கத்து அறைகளுக்கும் சேர்த்துப் போட்டேன். அடுத்த நாள் கப்போடு வந்து நின்றார்கள். பக்கத்து அறைப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது, இரண்டு நாள் கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அவளுக்குப் பட்டப்பெயர் 'முள்'. வட்டத்தில் அவள் வாயைத் திறந்தால் எழுதியவன் காலி. அப்படிப்பட்டவள் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள்.

போன வியாழக்கிழமை நான் ஒரு சின்னக் குறிப்பு படித்தேன். முடித்துவிட்டு, அடி விழப்போகிறது என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றார்கள். முள்ளைப் பார்த்தேன். அவளும் "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். எனக்கு முன்னால் படித்த பையனை அழாத குறையாக அனுப்பியவள் அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் அவர்கள் ஒரு மேஜையில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சொன்னால் சிரிப்பாய். என்னை யாராவது கிழிக்க வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா


ஆகஸ்ட் 11

அம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. எரிந்தது.

போன மாதம் எனக்கும் காய்ச்சல்தான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாரும் கஞ்சி வைக்கவில்லை. அப்பா வைத்தார், அதைக் கஞ்சி என்று சொல்லக் கூடாது. அங்கே யாரோ ஒரு முள் உன் மடியில் தூங்கினாளாம். அதை எனக்கு எழுதவும் உனக்குக் கை வந்திருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நீ எதற்காகப் போனாய்? படிக்கத்தானே? போன இடத்திலும் டீ போட்டு, காய்ச்சல் பார்த்து, சாவி தேடிக் கொடுத்து ஒரு மாடிக்கே அம்மாவாக இருப்பதென்றால், அதற்கு இங்கேயே இருந்திருக்கலாமே. இங்கே இரண்டு பேர்தான், வேலையும் குறைவு.

உன்னை அவர்கள் கிழிக்காததற்குக் காரணம் மரியாதை இல்லை. டீ.

இங்கே இன்றைக்கு ஒரே கூட்டம். உட்கார இடமில்லாமல் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூலை நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "உக்காருங்களேன்" என்றேன். "பரவால்லம்மா" என்று நின்றுகொண்டே இருந்தார். பழைய பேஷன்ட்கள் யாருமே அதில் உட்காருவதில்லை. பேய் இருக்கிறதோ என்னவோ.

நீ என்னதான் எழுதுகிறாய்? அனுப்பு. உன்னைக் கிழிக்க அங்கே ஆள் இல்லை என்றால் இங்கே இருக்கிறது. அதற்கேற்ற மனநிலையிலும் இருக்கிறது.


ஆகஸ்ட் 25

கண்ணு,

காய்ச்சல் வந்ததைச் சொல்லாமல் மறைத்தது தப்பு. அதைப் பற்றி உன் அப்பாவிடம் போனில் பேசிவிட்டேன். எப்படிப் பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. கடிதத்தை மடித்து அலமாரியில் போட்டுவிட்டு நடக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நீ சொன்னது சரி என்று ஆகிவிட்டது. அடுத்த நாள் காலையில் ஒரு கப் டீ போட்டேன். ஒரே ஒரு கப். நடைவழியில் காலிக் கப்போடு வரிசையாக நின்றார்கள். "இன்னிக்கு இல்ல. நாளைக்கும் இல்ல" என்றேன். பெரிய கலவரமே நடந்தது. ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா, யார் என்ன சொன்னது என்று விசாரணை வைத்தார்கள்.

முள்ளை மட்டும் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் எழுதினது நிஜமாவே நல்லா இருந்துச்சா?" அவள் தரையைப் பார்த்தாள். "இல்ல." "அப்ப ஏன் சொல்லல?" "உங்கள எப்படி ஆன்ட்டி... எங்கம்மாவ கிழிக்கிற மாதிரி இருக்கும்." "எனக்குக் கிழிக்க ஒரு பொண்ணு வீட்ல இருக்கா. நீ வேற வேணாம். இங்க நான் உன்கூடப் படிக்கிறவ" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆக, டீயும் போயிற்று, முள்ளும் போனாள். இப்போது ஆன்ட்டியும் இல்லை, ஸ்டூடண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கட்டிடம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

கட்டுரையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். 'காத்திருப்பு அறை' என்று தலைப்பு. அக்டோபரில் வட்டத்தில் படிக்க வேண்டும். தெரிந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த இடம் எனக்குப் பிடித்த இடம், பார்:

"காத்திருப்பவர்கள் நாற்காலியைத் தேர்ந்தெடுப்பதில்லை, தூரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வலி மிகுந்தவர் டாக்டரின் கதவருகே உட்காருகிறார். பயம் மிகுந்தவர் தெருவாசல் அருகே உட்காருகிறார்."

கிழி. தயவு பார்க்காதே.

அம்மா


செப்டம்பர் 10

அம்மாவுக்கு,

மூன்று தடவை படித்தேன். முதல் பக்கம் வேண்டாம். யாரோ புத்தகத்தில் சொன்னதை உன் வாயில் போட்டுக்கொண்டு பேசுகிறாய். பயம், வலி, வாசல், கதவு எல்லாம் சரி, அது நீதான். நான் இங்கே உட்கார்ந்து பார்த்தேன், அப்படித்தான் உட்காருகிறார்கள்.

ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "மூலையில் உள்ள நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும், அதை யாரும் விரும்புவதில்லை."

காலியா?

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அந்த நாற்காலிக்குத்தான் வந்தேன். அதில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தேன். அதில் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் படம் வரைந்தேன், பேஷன்ட்களின் வீங்கின கன்னங்களை. எல்லோரும் டாக்டருக்காகக் காத்திருந்தார்கள். அந்த அறையில் ஒருத்தி மட்டும் மேஜைக்குப் பின்னால் இருந்தவளுக்காகக் காத்திருந்தாள். கடைசி பேஷன்ட் போய், நீ மின்விசிறியை அணைத்து, "வா, போலாம்" என்று சொல்கிறவரைக்கும். ஒரு கட்டுரை முழுக்கக் காத்திருப்பவர்களைப் பற்றி எழுதி, கிழவர், கர்ப்பிணி, தூங்குகிற லாரி டிரைவர் எல்லோரையும் எழுதியிருக்கிறாய். தினமும் வந்தவளை விட்டுவிட்டாய். விட்டது மட்டும் இல்லை, காலி என்று எழுதிவிட்டாய்.

கிழிக்கச் சொன்னாய். கிழித்துவிட்டேன். இப்போதும் நான்தான் டிசம்பர் வரைக்கும் உனக்காக உட்கார்ந்திருக்கிறேன். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.


அக்டோபர் 1

கண்ணு,

இதை எத்தனை தடவை எழுதிக் கசக்கிப் போட்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அந்த வரியை நான் ஏன் எழுதினேன் என்று யோசித்தேன். எழுதும்போது கை தயங்கவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால், செய்ததைச் சொல்லிக்காட்டுவது மாதிரி ஆகிவிடும். அது எனக்குப் பிடிக்காது.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். டிசம்பர்வரை இழுக்க வேண்டாம். இந்த மாதமே வந்துவிடுகிறேன். நீ உன் வேலையில் சேர். இங்கே எனக்காக யாரும் ஏங்கவில்லை. வார்டனிடம் கேட்டேன், "ஒரு கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போலாம், ஆனா திரும்பி வர முடியாது" என்றார். நல்லவர், இன்னொரு தடவை யோசிக்கச் சொன்னார். பதினாறாம் தேதி வட்டத்தில் என் முறை. அதில் படிக்கப்போவதில்லை. புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டேன்.

பேராசைப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. உன் வயதில் படிக்க முடியாமல் போனதை இந்த வயதில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு உன் வயதை எடுத்துக்கொண்டேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

நீ ஒரு வரி எழுது, என்றைக்கு வரட்டும் என்று.

அம்மா


அக்டோபர் 7

அம்மா,

அவசரம் என்பதால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கடிதம் எதையும் வார்டனிடம் கொடுத்துத் தொலைக்காதே. முதலில் இதைப் படி.

நேற்று அந்த ஒயர் தடுக்கிக் கீழேயே விழுந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை, கோபம்தான். டாக்டரிடம் போய், "இந்தத் தொட்டிய பிளக் பக்கத்துல நகர்த்திடலாமா சார்?" என்று கேட்டேன். அவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "அது அங்கதாம்மா இருந்துச்சு. உங்கம்மாதான் ஒரு ஞாயித்துக்கிழமை உங்கப்பாவ கூட்டிட்டு வந்து இந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. மீனெல்லாம் ஒரு வாரம் சாப்பிடல. நான் கத்தினேன். உங்கம்மா, 'புள்ள முகம் தெரியல சார்'னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க."

வெளியே வந்து பார்த்தேன். பிளக்குக்கு நேர் கீழே தரையில் தொட்டி ஸ்டாண்டின் துருக் கறை நாலு வட்டம் இருக்கிறது. எத்தனை வருடமாகத் துடைத்தார்களோ, போகவில்லை. தொட்டி அங்கே இருந்தால் மூலை நாற்காலியை அது மறைக்கும். இப்போது இல்லை. நான் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். பேஷன்ட் யாரையாவது பார்க்க வேண்டும் என்றால் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது. தலையைத் திருப்பாமல் தெரிகிற நாற்காலி ஒன்றே ஒன்றுதான்.

இன்னும் இருக்கிறது. அந்தப் பெரியவர் இன்றைக்கும் வந்தார், இன்றைக்கும் நின்றார். விடாமல் கேட்டேன். "அது கால் உடைஞ்ச நாற்காலி இல்லியாம்மா? உக்காரக் கூடாதுன்னு முன்னாடி இருந்த அம்மா சொல்லிட்டே இருப்பாங்க" என்றார். நான் போய் அந்த நாற்காலியை ஆட்டிப் பார்த்தேன். அந்த அறையிலேயே உறுதியான நாற்காலி அதுதான்.

நான் வருகிறவரைக்கும் யாரும் உட்காரக் கூடாது என்று ஊருக்கே பொய் சொல்லி வைத்திருக்கிறாய். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா. சொல்லிக்காட்டுவது பிடிக்காதாம். சொல்வதற்கும் சொல்லிக்காட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாதவளெல்லாம் ஹானர்ஸ் படிக்கிறாள்.

நான் அழுதேன். பல் வலி என்று நினைத்து ஒரு பாட்டி எனக்குத் தைரியம் சொன்னார்.

வராதே. புத்தகக் கட்டை அவிழ். பதினாறாம் தேதி படி. ஆனால் அந்த வரியை மாற்றாமல் படித்தாய் என்றால் அங்கேயே வந்து கிழிப்பேன்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அப்பாவிடம் பகல் ஷிப்ட் கேட்கச் சொன்னேன். மறுநாளே கொடுத்துவிட்டார்கள். "கேட்டா குடுப்பாங்கன்னு தெரியாதும்மா, யாரும் கேக்கச் சொல்லல" என்கிறார். இந்த வீட்டில் யாரும் எதையும் வாயைத் திறந்து கேட்பதில்லை, அதுதான் நம் வியாதி. டாக்டரிடமும் ஜனவரிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.


அக்டோபர் 18

என் கண்ணு,

படித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் உட்கார்ந்து, ஏன் காலி என்று எழுதினேன் என்று மறுபடியும் யோசித்தேன். நீ வந்து உட்கார்ந்ததும் அது ஆஸ்பத்திரி நாற்காலியே இல்லை, நம் வீட்டு நாற்காலி. அதை நான் அந்த அறையின் கணக்கில் சேர்த்ததே இல்லை. நீ என்னோடு இருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். நீ எனக்காகக் காத்திருக்கிறாய் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அதையே எழுதினேன். தொட்டி, ஒயர், கால் உடைந்த பொய் எல்லாவற்றையும் எழுதினேன். நீ சொன்ன மாதிரி முதல் பக்கத்தைத் தூக்கிவிட்டேன்.

வட்டத்தில் படித்து முடித்ததும் வழக்கம்போல ஒரு பையன் "நல்லா இருக்கு ஆன்..." என்று ஆரம்பித்தான். "நல்லா இல்ல" என்று ஒரு குரல். முள். இரண்டு மாதமாக என்னோடு பேசாதவள். "வலி இருக்கிறவங்க கதவுப் பக்கம் உக்காருவாங்கன்னு எவ்ளோ நிச்சயமா சொல்றீங்க. அவங்கள யாராவது கேட்டீங்களா? நீங்க இருந்தது ஒரு மேஜைக்குப் பின்னாடி. அங்கேருந்து பாத்தா சொந்தப் பொண்ணு காத்திருக்கிறதே தெரியலன்னு நீங்களே எழுதிருக்கீங்க. அப்புறம் மத்தவங்களப் பத்தி எழுதினத நாங்க எப்படி நம்பறது?"

நானும் விடவில்லை. "பதினெட்டு வருஷம் பாத்தேன், சும்மாவா?" என்றேன். "பாத்தது வேற, கேட்டது வேற" என்றாள். அதன்பின் ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். என் கட்டுரையில் பாதி தேறவில்லை, கண்ணு. பாதி. சாப்பாட்டு அறைவரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனோம். அவர்கள் மேஜையில் எனக்கு இடம் தள்ளிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது யாருமே யோசிக்கவில்லை, பேச்சு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது ஆன்ட்டி என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் நான் டோக்கன் கொடுத்த கதையைக் கேட்டுவிட்டு 'டோக்கன்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இன்று காலையில் முள் என் கதவைத் தட்டி ஒரு கப் டீ கொடுத்தாள். ஆறிப்போன, சர்க்கரை போடாத டீ. "எப்படி இருக்கு டோக்கன்?" என்றாள். "நல்லா இல்ல" என்றேன். இரண்டு பேரும் நடைவழியில் நின்று சிரித்தோம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, எட்டாம் தேதி, குடும்பத்தார் வந்து விடுதியைப் பார்க்கலாம். நீ வருவாயா என்று கேட்கிறேன். பார், வாயைத் திறந்து கேட்கிறேன்.

அம்மா


அக்டோபர் 27

அம்மா,

வருகிறேன். அப்பாவும் தம்பியும் அடுத்த தடவை வரட்டும், இந்தத் தடவை நான் மட்டும்.

அந்த முள்ளைப் பார்க்க வேண்டும். அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அட்டைப்படம் ஒன்று வரைந்திருக்கிறேன், உன் கட்டுரைக்கு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கொண்டுவருகிறேன். பிடிக்கவில்லை என்றால் வட்டத்தில் வைத்துக் கிழியுங்கள்.

எந்த பஸ், எப்போது வருவேன் என்று சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்ததும் நீ கீழே போய் அந்த வாசல் மேஜையில் உட்கார். சாவி தொலைந்தது என்று யார் வந்தாலும் ஆபீஸுக்கு அனுப்பு. உனக்கு வேறு வேலை இருக்கிறது, என் வருகைக்காகக் காத்திருக்கிற வேலை. நேரமானாலும் எழுந்து போகாதே.

தலையைத் திருப்பாமல் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு வை. யாராவது அதில் உட்கார வந்தால், கால் உடைந்தது என்று சொல்.